குறுகிய பயணமும் நீண்ட சீஷத்துவமும்

இளைஞரைச் சில நாள் ஊழியப் பயணத்திற்கு அனுப்பும் வழக்கம் நம் சபைகளில் பெருகியுள்ளது. அதனால் வளர்வது யாருடைய விசுவாசம் என்று கேட்பது தகும்.

1902-இல் கிறிஸ்தவ வாலிபர் சங்கச் செயலராயிருந்த வே. சா. அசரியா யாழ்ப்பாணம் சென்றார். போதிக்கச் சென்றவர் கற்றுத் திரும்பினார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர், கடல் கடந்து தமிழகத்திற்கே ஊழியரை அனுப்பித் தாங்கி வந்தனர். அக்காட்சி அவர் உள்ளத்தைக் குத்தியது. 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் அதன் பணிக்களமாயிற்று. 1909-இல் குருப்பட்டம் பெற்ற அசரியா அங்கேயே குடியேறினார், தெலுங்கு கற்றார், 1912-இல் அதன் முதற் பேராயரானார். சில நாள் பயணம் வாழ்நாள் பணியாய்க் கனிந்தது.

இன்று நம் இளைஞர் திருத்தணிக்குச் செல்வதாகக் கொள்வோம். 1960 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்த அவ்வூரில் தமிழோடு தெலுங்கும் வழங்கும். ஆடிக் கிருத்திகையில் காவடி சுமந்து மலையேறும் முருகனடியாரை இகழாது நோக்கவும், பேசுமுன் கேட்கவும், சிறிய சபையொன்றின் உபசரிப்பைத் தாழ்மையோடு ஏற்கவும் அவர்கள் பழகவேண்டும்.

களிப்போடு திரும்பிய எழுபது பேரின் மகிழ்ச்சியை, அவர்கள் சாதித்தவற்றினின்று தேவகிருபையின்பால் ஆண்டவர் திருப்பினார் (லூக்கா 10:17-20). ஆகவே, திரும்பி வருவோரிடம் எத்தனை கூட்டம் நடத்தினீர்கள் என்று கேளாது, என்ன கற்றீர்கள் என்று கேட்போம். கற்றது நிலைக்க வழிசெய்வது ஆயரின் கடமை.