ஏற நடப்போம், இறங்க பஸ் எடுப்போம்: றோசன்லவி

சுவிஸில் இருபது, முப்பது வருடங்களாக ஹொட்டேல் சமையலறைகளில் நின்று உழைத்த எம்மவர்களில் பலர், மலை விடுதி ஒன்றின் முன்வாசலால் விருந்தாளியாக உள்ளே போனதில்லை. மலைக்குப் போவதென்றால் வானில் ஏறி, வாகனத் தரிப்பிடத்தில் புரியாணிப் பொதியைப் பிரித்து, படம் எடுத்துத் திரும்புவதுதான். மகிழ்ச்சி உண்டு, நடை இல்லை.

எங்கே நடக்கலாம் என்று கேட்கும் நீரிழிவு நோயாளருக்கு நாம் சொல்லும் இடம் றோசன்லவி. பேர்ண் மாநிலத்தில், மைறிங்கன் ஊருக்கு மேலே சுமார் 1330 மீற்றர் உயரத்தில் உள்ள பள்ளத்தாக்கு. 1771 இல் இங்கு ஓர் ஊற்று கண்டுபிடிக்கப்பட்டது. அதன் நீர் நோய் தீர்க்கும் என்று நம்பிக் குளிக்க வந்தவர்களுக்காக உருவானதே இந்த விடுதி. தீராத தலைவலியோடு அலைந்த தத்துவஞானி நீட்சேயும் 1877 கோடையில் இங்கே தங்கினார். ஊற்று நீரை விட மலைக்காற்றும் நடையுமே அந்நாளைய நோயாளருக்கு உதவியிருக்கும் என்பது எமது எண்ணம்.

பள்ளத்தாக்கில் ஓடும் றைக்கன்பாக் ஆறு, கீழே மைறிங்கன் அருகே நீர்வீழ்ச்சியாகக் கொட்டுகிறது. ஷேர்லொக் ஹோம்ஸ் இறந்துவிட்டதாக 1893 இல் வெளியான கதையில் எழுதப்பட்டது இந்த இடத்தை வைத்துத்தான். 1899 இலிருந்து அங்கே இழுவை ரயிலும் உண்டு.

மைறிங்கனிலிருந்து விடுதி வரை நடந்தால் 700 மீற்றருக்கு மேல் ஏறவேண்டும். ஏறக்குறைய மூன்று மணித்தியாலம். புதிதாகத் தொடங்குபவருக்கு இது வேண்டாம். கோடையில் ஓடும் தபால் பஸ்ஸில் றோசன்லவி வரை போய், அங்கிருந்து ஸ்வார்ட்ஸ்வால்டால்ப் வரை மெதுவாக நடந்து, பஸ்ஸிலேயே திரும்புங்கள். முழங்கால் தேய்ந்தவருக்கு ஏற்றத்தை விட இறக்கமே கூடுதலாக வலிக்கும். மஞ்சள் பலகையில் உள்ள நேரத்தில் ஓய்வு நேரம் சேராது என்பதையும் கவனியுங்கள்.

இனி முக்கியமான விடயம். இன்சுலின் ஏற்றுபவருக்கும் கிளிக்லசைட் போன்ற குளிசை எடுப்பவருக்கும் நடக்கும்போது சீனி திடீரென இறங்கலாம். போவதற்கு முன்பே மருந்தின் அளவைப் பற்றி உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். மெற்போமின் மட்டும் எடுப்பவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு.

கை நடுங்கி, வியர்த்து, பேச்சுத் தடுமாறினால் உடனே இருந்துவிடுங்கள். 15 முதல் 20 கிராம் ட்றௌபன்சுக்கர் அல்லது ஒரு கிளாஸ் பழச்சாறு எடுங்கள். சொக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சீனி இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடத்தின் பின் அளந்து பார்த்து, குறைவாகவே இருந்தால் மீண்டும் எடுங்கள். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 144 ஐ அழையுங்கள். மலை மீட்பு ஹெலிகொப்டருக்கு 1414.

செருப்போடு போகவேண்டாம். கால் விறைப்பு உள்ளவருக்குக் கொப்புளம் வந்தது தெரியாது. வீடு வந்ததும் பாதங்களைப் பாருங்கள். நீண்ட நடைக்குப் பின் சீனி அன்றிரவும் இறங்கக்கூடும். எனவே இன்சுலின் ஏற்றுபவர்கள் படுக்கப்போகும் முன் ஒருமுறை அளந்துவிட்டுப் படுங்கள்.