‘எந்தத் தெரு?’ என்று கேட்காத கடைகள்

ராதாபுரம் பக்கமிருந்து வேலைக்காகச் சென்னை போன பிள்ளைகள் பொங்கலுக்கு ஊர் வந்தால், பேச்சு எப்படியும் சாப்பாட்டில் வந்து நிற்கும். கடற்கரை ரயில் நிலையம் அருகே, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ. மெரினாவில் சுடச்சுட மீன் வறுவல். புளியந்தோப்பு, பெரியமேடு பக்கம் மாட்டுக்கறி பிரியாணி. பொழுது சாய்ந்தால் வண்டிக்கடையில் சில்லி பீஃப்.

ருசி மட்டுமா காரணம்? நடைபாதைக் கடையில் ‘எந்த ஊர், எந்தத் தெரு?’ என்று யாரும் கேட்பதில்லை. பக்கத்தில் நிற்பவர் சாப்பிட்ட தட்டைக் கழுவித்தான் நமக்கும் தருகிறார்கள். இரட்டைக் குவளையைப் பார்த்த நம் பெரியவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. தேநீர்க் கடையில் சாதி பார்த்துத் தனிக் குவளை வைப்பது 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் வந்த பிறகும் பல ஊர்களில் அந்தக் குவளை கடையைவிட்டு இறங்கவில்லை. நாம் கதவைச் சாத்திக்கொண்டு சமைத்த கறியைச் சென்னையில் பலகை எழுதி விற்கிறார்கள். எல்லாரும் வரிசையில் நின்று வாங்குகிறார்கள்.

ஆனால், அரசு பந்தல் போட்ட இடத்தில் நிலைமை வேறு. 2022 மே மாதம் ஆம்பூரில் மூன்று நாள் பிரியாணித் திருவிழாவைத் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. அந்த ஊரில் வழக்கமாக விற்கும் மாட்டுக்கறி பிரியாணிக்கு அதில் இடமில்லை. எதிர்ப்பு கிளம்பியது, நாங்களே இலவசமாகத் தருவோம் என்று சில அமைப்புகள் அறிவித்தன. மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை தீவுத்திடலில் நடந்த உணவுத் திருவிழாவிலும், கண்டனம் எழுந்த பிறகே மாட்டுக்கறிக் கடைகள் வந்தன.

மாட்டுக்கறி உண்ணத் தமிழ்நாட்டில் சட்டத்தடை இல்லை. பிடிக்காதவர் அடுத்த கடைக்குப் போகலாம். அந்தக் கடையே கூடாது என்றால், அதைச் சாப்பிடுகிறவரும் கூடாது என்றுதான் பொருள். அது அரசுப் பணத்தில் நடக்கும் விழா என்றால் இன்னும் மோசம்.

நெல்லையில் அடுத்து உணவுத் திருவிழா அறிவித்தால், விழா முடிந்த பிறகு கண்டிப்பதில் பயனில்லை. முன்கூட்டியே ஆட்சியரிடம் மனுக் கொடுப்போம்: மாட்டுக்கறிக்கு ஒரு கடை, அதை நடத்தும் வாய்ப்பு நம் தெருவின் மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு. சென்னை நடைபாதையில் கிடைக்கும் மரியாதை சொந்த மாவட்டத்திலும் கிடைக்கட்டும்.