சுருட்டினால் கிழியுதா சப்பாத்தி? வார நாள் இரவுக்கு ஒரு புதுக்கோட்டை டார்ட்டில்லா!

இரவு 8.30 மணி. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனால் பரோட்டாக் கல்லில் கரண்டி தட்டும் சத்தம் காதைப் பிளக்கும். ஆபீஸ் முடிஞ்சு வர்றவங்களுக்கு அந்தச் சத்தமே பாதி சாப்பாடு. நாலு பரோட்டா, ஒரு சால்னா பார்சல்னு வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புவது எளிது. ஆனால், வாரத்தில் மூணு நாள் இதே கதை என்றால் பர்ஸும் வயிறும் ஒரே நேரத்தில் முறைக்க ஆரம்பிக்கும்.

இந்த மாவட்டத்துச் சமையலை உலகம் பார்த்தது யூடியூபில்தான். 2021-ல் 1 கோடி சப்ஸ்கிரைபர்களைத் தொட்ட முதல் தமிழ் சேனலான 'வில்லேஜ் குக்கிங் சேனல்' இயங்குவது சின்னவீரமங்கலத்தில். வயல்வெளியில் அண்டா வைத்து ஊருக்கே சமைப்பது அவர்கள் பாணி. செவ்வாய்க்கிழமை ராத்திரி மூணு பேருக்குச் சமைக்க அது உதவாது. அதற்குக் கைகொடுப்பது, உள்ளே ஏதாவது வைத்துச் சுருட்டும் ரொட்டி. மெக்சிகோவில் அதன் பெயர் டார்ட்டில்லா. ('ல்லா'வை விழுங்கிவிட்டு 'டோர்ட்டீயா' என்பதுதான் அந்த ஊர் உச்சரிப்பு.)

அசல் டார்ட்டில்லா சோளத்தில் ஆனது. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் வேகவைத்து, ஊறவைத்து, அரைத்துத் தட்டுவார்கள். ஸ்பெயின்காரர்கள் கோதுமையைக் கொண்டுபோன பிறகு, வட மெக்சிகோவில் கோதுமை டார்ட்டில்லா வந்தது. மைதா, கொழுப்பு, உப்பு, தண்ணீர், அவ்வளவுதான் அதில். அதாவது நம்ம சப்பாத்திக்குப் பக்கத்து வீடு. ஆன்லைனில் பாக்கெட் டார்ட்டில்லா தேடி ஆர்டர் போடுவதற்கு முன்னால், சமையலறையில் இருக்கும் மாவு டப்பாவை ஒருமுறை திறந்து பார்க்கலாம்.

ஏன் கிழிகிறது?

"நான் சுட்டா அப்பளம் மாதிரி உடையுதே" என்பதுதான் பலரின் புலம்பல். காரணம், முழுக் கோதுமை மாவில் இருக்கும் தவிடு. அது தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். பிசைந்த கையோடு தேய்த்துச் சுட்டால், தவிடு ஊறுவதற்குள் ரொட்டி வெந்து, காய்ந்து, விறைத்துவிடும்.

தீர்வு, வெந்நீர். மூணு பேருக்கு 2 கப் கோதுமை மாவு (சுமார் 250 கிராம்), அரை டீஸ்பூன் உப்பு, 2 டீஸ்பூன் எண்ணெய். கை பொறுக்கிற சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலான வெந்நீர் முக்கால் கப். முதலில் கரண்டியால் கிளறி, சூடு தணிந்ததும் பிசைய வேண்டும். வெந்நீர் பட்ட மாவுச்சத்து கொஞ்சம் வெந்து, ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். பிறகு 20 நிமிடம் மூடி வைத்தால், தவிடும் ஊறும், மாவின் இழுவையும் தளரும். கையில் லேசாக ஒட்டுகிற பதத்தில் இருக்கட்டும். பூரி மாவு மாதிரி கெட்டியாக வேண்டாம். கடையில் வாங்கியது போலவே மெத்தென்று வேண்டுமென்றால் பாதிக்குப் பாதி மைதா கலக்கலாம், தப்பில்லை.

ஆறு உருண்டை, எட்டு அங்குல வட்டம். கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். சின்னத் தீயில் ரொம்ப நேரம் கிடந்தால் ஈரம் எல்லாம் போய்விடும். பக்கத்துக்கு 30, 40 விநாடி போதும். எடுத்ததும் துணியில் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக ஹாட் பாக்ஸில் அடுக்கணும். உள்ளே சுற்றுகிற ஆவிதான் ரொட்டியை வளைய வைக்கிறது. இந்த ஒரு படியைத் தவிர்த்தால் மேலே சொன்னதெல்லாம் வீண்.

உள்ளே என்ன?

இங்கேதான் ஊர்க்காரர்களுக்கு ஒரு அனுகூலம்: முட்டை மாஸ். வெங்காயம், தக்காளி, நறுக்கிய அவித்த முட்டை எல்லாவற்றையும் சால்னா ஊற்றிக் கல்லிலேயே கொத்தித் தரும் பரோட்டாக் கடை ஐட்டம். புதுக்கோட்டையில் இதற்கு அறிமுகம் தேவையில்லை.

மாவு ஊறுகிற 20 நிமிடத்தில் வீட்டிலேயே முடித்துவிடலாம். 2 பெரிய வெங்காயம், 2 பச்சை மிளகாய், கறிவேப்பிலையை வதக்கி, ஒரு தக்காளி சேர்த்துக் குழைய விட்டு, அரை டீஸ்பூன் மிளகாய்த்தூள், உப்பு. ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பு ஃப்ரிட்ஜில் இருந்தால் இரண்டு கரண்டி. ஒரு பச்சை முட்டையை உடைத்துக் கிளறி, நறுக்கிய 4 அவித்த முட்டைகளைப் போட்டு, கடைசியில் மிளகுத்தூள். கடை மாஸ் தளதளவென்று இருக்கும். சுருட்டுவதற்கு அது ஆகாது. கரண்டியைச் சாய்த்தால் சொட்டக் கூடாது, அதுதான் கணக்கு.

முட்டை சாப்பிடாதவர்களுக்கு, மெக்சிகோக்காரர்கள் பீன்ஸை மசித்து வைப்பதுபோல, ஊறவைத்து வேகவைத்த தட்டைப்பயறை மசித்துத் தாளிக்கலாம். இன்னொன்று, பலா மூசு. வெளிநாட்டு வீகன் ரெஸ்டாரன்ட்களில் இறைச்சிக்குப் பதிலாக டாக்கோவுக்குள் வைப்பது பிஞ்சுப் பலாவைத்தான். அங்கே டின்னில் அடைத்து விற்கிற சரக்கு, ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கம் தோப்பில் தொங்குகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்கள் போக மிஞ்சியவை இன்னும் காய்க்கின்றன. பால் ஒட்டும் வேலை என்பதால் வார நாளில் இதில் கை வைக்காதீர்கள். ஞாயிறு அன்று கையில் எண்ணெய் தடவி நறுக்கி, வேகவைத்து ஃப்ரீசரில் போட்டுவிட்டால், செவ்வாயன்று வதக்குவது பத்து நிமிட வேலை.

யார் சுருட்டுவது?

சின்னக் கேள்வி மாதிரி தெரியும். ஆனால் தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். சப்பாத்தி இரவு என்றால் வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எல்லோரும் சூடாகச் சாப்பிட, ஒருத்தர் மட்டும் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டே இருப்பார். "உனக்கு இன்னொண்ணு போடவாப்பா?" என்ற குரல் மட்டும் சமையலறையிலிருந்து வரும்.

டாக்கோ மேசையில் இது நடக்காது. ரொட்டி துணிக்குள் இருக்கும். மாஸ், நறுக்கிய வெங்காயம், கெட்டித் தயிர், எலுமிச்சை எல்லாம் நடுவில் இருக்கும். அவரவர் ரொட்டியை அவரவரே சுருட்டிக்கொள்ளலாம். ஆறு ரொட்டியும் சுட்டு முடிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, சுட்டவரும் தட்டோடு உட்காரலாம். முதல் முறை பூரணத்தை அள்ளி வைத்துக் கிழித்துக்கொள்பவர் எல்லா வீட்டிலும் ஒருத்தர் இருப்பார். மூணு டேபிள்ஸ்பூனுக்கு மேல் வேண்டாம்; நடுவில் வைக்காமல் ஓரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி வைத்து, இரண்டு பக்கமும் மடித்து உருட்டினால் ஒழுகாது.

மாவு மிஞ்சினால், அதையும் தேய்த்து அரை வேக்காடாகச் சுட்டு, இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து ஃப்ரீசரில் போடலாம். சாதாரண ஃப்ரிட்ஜ் தட்டில் வேண்டாம். அந்தக் குளிரில்தான் ரொட்டி சீக்கிரம் விறைக்கும். அடுத்த முறை கல்லில் போடும்போது கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும்.