வளர்ச்சி அட்டை தாய்க்கு வைக்கும் பரீட்சை அல்ல

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்ற பழமொழியைப் பிள்ளையைக் கண்டித்து வளர்ப்பதற்காகவே நாம் பெரும்பாலும் சொல்கிறோம். அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. ஐந்து வயதுக்குள் கிடைக்காத சத்தையும் அரவணைப்பையும் பிற்காலத்தில் ஈடுசெய்வது கடினம். பிள்ளையின் மூளை மிக வேகமாக வளர்வது இந்த வயதிலேதான்.

இன்று யாழ் குடாநாட்டு முன்பள்ளிகளில் இருக்கும் பிள்ளைகள் எவரும் யுத்தத்தைக் காணவில்லை. அவர்களின் தாய்மாரில் பலர் கண்டவர்கள். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்குப் பெற்றோரின் தோளில் சென்ற குழந்தைகளும், 2009இல் வன்னியிலிருந்து முகாமுக்குப் போன சிறுமிகளும் இன்று தாய்மாராகியுள்ளனர். அந்தக் காலத்திலும் போலியோ சொட்டு மருந்துக்காக இரு தரப்பும் சண்டையை நிறுத்திய அமைதி நாட்கள் இருந்தன. இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி காணப்பட்டது 1993இல். யுத்தத்தின் நடுவிலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு நடந்த தாய்மாருக்கும் அந்த வெற்றியில் பங்குண்டு.

ஆனால் இன்று கிளினிக்குக்குப் போகத் தயங்கும் தாய்மாரை நான் சந்திக்கிறேன். வலிகாமத்தில் வெங்காயத் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் ஒரு சகோதரி, கணவர் இல்லாமல் மூன்று பிள்ளைகளை வளர்க்கிறார். கடைசி மகனுக்கு நான்கு வயது. மூன்று மாதமாக நிறை பார்க்கக் கொண்டுபோகவில்லை.

"ஏனக்கா போகேல்லை?" என்று கேட்டேன்.

"நிறை குறைஞ்சு போச்செண்டு எல்லாருக்கும் முன்னாலை பேசிப்போட்டினம் மிஸ். நான் பிள்ளைக்குச் சாப்பாடு குடுக்காமலே வைச்சிருக்கிறன்?" என்றார். கண் கலங்கியிருந்தது.

இந்த வெட்கத்தின் விலையைப் பிள்ளைதான் கொடுக்கிறது. கிளினிக்கைத் தவறவிட்டால் நிறை மட்டுமல்ல, விற்றமின் ஏ, பூச்சி மருந்து, தடுப்பூசி என எல்லாமே தவறுகின்றன. நிறைகுறைவு ஒரு தாயின் தனிக் குற்றமும் அல்ல. 2016ஆம் ஆண்டின் தேசிய ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட 100 பிள்ளைகளில் 21 பேர் வயதுக்கேற்ற நிறையில்லாதவர்கள். 2022இன் பொருளாதார நெருக்கடியில் பால்மா, முட்டை விலை ஏறியது. மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கடலுக்குப் போகாதிருந்தன. வாராவாரம் நுண்கடன் கட்ட வேண்டிய வீட்டில் முதலில் குறைவது மீனும் முட்டையும்தான்.

அட்டையை எப்படிப் பார்ப்பது?

அட்டையில் நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள். கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். பச்சைப் பகுதியில் இருந்தாலும் கோடு மேலே ஏறாமல் படுத்திருந்தால் கவனிக்க வேண்டும். செம்மஞ்சளில் இருந்தாலும் மாதாமாதம் ஏறினால் பிள்ளை தேறிவருகிறது.

திரிபோஷா யாருக்கு?

1973இல் தொடங்கப்பட்ட திரிபோஷா சோளம், சோயா, பால்மா சேர்ந்தது. ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 50 கிராம் என்ற கணக்கில், 750 கிராம் பக்கற் இரண்டு ஒரு மாதத்துக்குப் போதும். மூன்று பிள்ளைகள் பகிர்ந்தால் அது பத்து நாளில் முடிந்துவிடும். மேலே சொன்ன சகோதரியின் வீட்டிலும் அதுவே நடந்தது. மூத்த பிள்ளைகள் பார்த்திருக்க இளையவனுக்கு மட்டும் ஊட்ட எந்தத் தாய்க்கு மனம் வரும்? மூத்தவர்களுக்கு உழுந்து, பயறு, அரிசி வறுத்து அரைத்த சத்துமாவைச் செய்து வையுங்கள். திரிபோஷா இளையவனுக்கே இருக்கட்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

பிள்ளையின் வயிறு சிறியது. மூன்று வேளைச் சாப்பாட்டுடன் இடையில் இரண்டு தடவை ஏதாவது கொடுக்க வேண்டும். பிட்டோடு தேங்காய்ப்பூ, கஞ்சியில் தேங்காய்ப்பால், சோற்றில் ஒரு கரண்டி நல்லெண்ணெய் சேர்த்தால் அதே அளவு உணவில் கூடுதல் சக்தி கிடைக்கும். வேலியில் நிற்கும் முருங்கையிலையும், வறுத்துத் தூளாக்கிய நெத்தலியும் விலைகூடிய மாப்பக்கற்றுகளுக்குக் குறைந்தவை அல்ல. சாப்பாட்டுக்கு முன் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தால் பசி கெடும். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். நீங்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளையைப் பார்ப்பவர் அம்மம்மா என்றால், இவற்றை அவருக்கும் சொல்லி வையுங்கள்.

மனமும் பசிக்கும்

நன்றாகச் சாப்பிட்ட பிள்ளை திடீரென்று சாப்பிட மறுப்பது, நிறுத்திய பிறகு மீண்டும் படுக்கையில் சலம் கழிப்பது, தாயை விட்டு நகராமல் அழுவது எல்லாமே பிடிவாதம் அல்ல. பேசத் தெரியாத பயத்தைப் பிள்ளை இப்படித்தான் சொல்லும். யாழ் போதனா வைத்தியசாலையில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், யுத்தம் தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்று எடுத்துக்காட்டியவர். தாயின் நித்திரையின்மையும் சோர்வும் பிள்ளையைத் தொடுகின்றன. ஆகவே உங்களைக் கவனிப்பதும் பிள்ளை வளர்ப்பின் ஒரு பகுதியே. நாளுக்குப் பத்து நிமிடம் பிள்ளையை மடியில் வைத்துக் கதை சொல்லுங்கள். மனப்பாரம் தாங்க முடியாவிட்டால் குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியசாலை உளநலப் பிரிவிலோ தயங்காமல் சொல்லுங்கள்.

அந்தச் சகோதரியோடு அடுத்த கிளினிக்குக்கு நானும் சென்றேன். குடும்பநல உத்தியோகத்தரைத் தனியே சந்தித்து வீட்டு நிலையைச் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டார். பிள்ளை அன்று 200 கிராம் கூடியிருந்தான். கோடு இன்னும் செம்மஞ்சளில்தான் நிற்கிறது. ஆனால் தாய் மாதாமாதம் போகிறார்.

சகோதரிகளே, உங்கள் அயலிலும் கிளினிக்குக்குப் போகாமல் நின்றுவிட்ட ஒரு தாய் இருக்கக்கூடும். அடுத்த முறை நீங்கள் போகும்போது அவர் வீட்டுப் படலையிலும் ஒருமுறை கூப்பிட்டுவிட்டுப் போங்கள்.