ஸ்பானிய மொழியில் தற்சுட்டு வினைகள்

ஸ்பானிய மொழியைக் கற்கப் புகுவாரைத் தொடக்கத்திலேயே மயங்கவைப்பது ‘சே’ என்னும் சிறு சொல்லாகும். ஒரே வினை இச்சொல்லைப் பெற்றும் பெறாதும் வருகின்றது. வருமிடத்துப் பொருளும் வேறாகின்றது. இதற்குத் ‘தன்னை’ என்று பொருள் கூறுதல் பெருவழக்கு. அப்பொருள் பிழையன்று, ஆயினும் நிறைவுடையதன்று. தமிழின் ‘கொள்’ என்னும் துணைவினையும், தன்வினை பிறவினைப் பாகுபாடும் இதனை உணர்தற்குச் சிறந்த துணையாகும் என்பதனையும், அத்துணை எவ்விடத்து நின்றுவிடுகின்றது என்பதனையும் ஈண்டு ஆராய்வோம்.

‘கஸார்’ என்பது மணவினையைக் குறிக்கும் சொல். ‘கஸோ ஆ சு இஹா’ என்றால் ‘தன் மகளுக்கு மணம் செய்துவைத்தான்’ என்பது பொருள். ‘சே கஸோ’ என்றால் ‘மணம் செய்துகொண்டான்’ என்பது பொருள். தமிழில் ‘வை’, ‘கொள்’ என்னும் துணைவினைகள் உணர்த்தும் வேற்றுமையை ஸ்பானியம் ‘சே’ இன்மையாலும் உண்மையாலும் உணர்த்துகின்றது. இவ்வேறுபாடு அறியாத மணமகன், தான் மணந்த பெண்ணுக்குத் தானே மணம் நடத்திவைத்ததாகக் கூறிவிடுதல் கூடும்.

இனி, வடிவங்களை நோக்குவோம். தன்மை ஒருமையில் ‘மே’, முன்னிலை ஒருமையில் ‘தே’, படர்க்கை இரண்டெண்ணிலும் ‘சே’, தன்மைப் பன்மையில் ‘நோஸ்’, முன்னிலைப் பன்மையில் ‘ஓஸ்’ என வரும். இலத்தீன் அமெரிக்க நாடுகளில் ‘ஓஸ்’ வழங்குவதில்லை. ஆண்டும் ‘சே’ என்பதே வரும். தன்மை முன்னிலைகளில் தற்சுட்டுக்கெனத் தனிச்சொல் இல்லை; ‘என்னை’, ‘உன்னை’ என்னும் பொதுச்சொற்களே அமைகின்றன. படர்க்கையில் மட்டுமே தனிச்சொல் உண்டு. ‘அவனைக் கண்ணாடியில் கண்டான்’ என்பதற்கும் ‘தன்னைக் கண்ணாடியில் கண்டான்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நோக்கின் தமிழும் இந்நெறியினதே என்பது விளங்கும். ஆனால் ‘தன்னை’, ‘தம்மை’ என எண் காட்டும் வேறுபாடு ‘சே’ என்பதற்கு இல்லை.

இச்சொற்கள் வினைமுற்றுக்கு முன்னே நிற்கும். அகராதியில் காணும் மூலவடிவத்தோடும் உடன்பாட்டு ஏவலோடும் பின்னே ஒட்டி வரும். ‘லெவாந்ததே’ என்பது ‘எழு’. ‘நோ தே லெவாந்தெஸ்’ என்பது ‘எழாதே’. எதிர்மறை ஏவலில் சொல் முன்னே சென்றமை காண்க.

பொருள்நிலையில் மூன்று வகைகள் முதன்மையானவை. முதலாவது, செயலின் பயன் செய்தவனையே சேர்வது. ‘மே லவோ லாஸ் மானோஸ்’ என்பது ‘கை கழுவிக்கொள்கிறேன்’ என்பதாம். ‘என் கைகளை’ எனக் கூறவேண்டுவதில்லை. கை யாருடையது என்பதை ‘மே’ காட்டிவிடுகின்றது. தமிழில் அப்பணியைக் ‘கொள்’ ஆற்றுகின்றது. இரண்டாவது, ஒருவர்க்கொருவர் ஆற்றும் செயல். ‘சே மிராரோன்’ என்பது ‘ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்’ என்பது. மூன்றாவது, தன்வினையாதல். ‘ரொம்பெர்’ என்பது ‘உடைத்தல்’. ‘எல் வாஸோ சே ரொம்பியோ’ என்றால் ‘குவளை உடைந்தது’. இங்குத் ‘தன்னை’ என்னும் பொருள் பொருந்தாமை வெளிப்படை. குவளை தன்னைத்தான் உடைத்துக்கொள்ளவில்லை. தமிழ் ‘உடைத்தது’, ‘உடைந்தது’ என வினையுருவை மாற்றும் இடத்தில் ஸ்பானியம் ‘சே’ என்பதைச் சேர்க்கின்றது. ‘எழுப்புதல்’, ‘எழுதல்’ என்னும் இணைக்கு ‘லெவந்தார்’, ‘லெவந்தார்சே’ அமைதலும் இவ்வாறே.

இவ்வொப்புமையைக் கொண்டு ‘கொள்’ வருமிடமெல்லாம் ‘சே’ வரும் எனத் துணிதல் தவறாகும். ‘படித்துக்கொண்டிருந்தான்’ என்பதில் ‘கொள்’ செயலின் தொடர்ச்சியையே காட்டுகின்றது. ஆண்டுச் ‘சே’ என்பதற்கு இடமில்லை. மறுதலையாக, ‘தோர்மீர்’ உறங்குதலையும், ‘தோர்மீர்சே’ உறக்கத்தில் ஆழ்தலையும் குறிக்கும். ‘ஈர்’ செல்லுதலையும், ‘ஈர்சே’ இடம்விட்டு நீங்குதலையும் குறிக்கும். ‘அர்ரெபெந்தீர்சே’ (செய்ததற்கு வருந்துதல்), ‘அத்ரெவேர்சே’ (துணிதல்) போன்றவை இச்சொல்லின்றி வழங்குவதில்லை. இவற்றை வழக்கு நோக்கியே கற்றல் வேண்டும்.

இறுதியாக, பொறுப்பைச் சுட்டும் ஒரு நுட்பம் கருதத்தக்கது. ‘ஒல்விதே எல் நோம்ப்ரே’ என்பது ‘பெயரை மறந்தேன்’ என்பது. ‘சே மே ஒல்விதோ எல் நோம்ப்ரே’ என்பதோ ‘எனக்குப் பெயர் மறந்துபோயிற்று’ என்பது. பின்னதில் பெயரே எழுவாய். ‘மே’ என்பது நான்காம் வேற்றுமைப் பொருளில் நிற்கின்றது. மறதி என் செயலாகக் கூறப்படாமல் எனக்கு நேர்ந்ததாகக் கூறப்படுகின்றது. கைதவறி உடைந்த குவளைக்கும் இவ்வாய்பாடே பொருந்தும். ‘உடைத்தேன்’ என்பதற்கும் ‘உடைந்துபோயிற்று’ என்பதற்கும் இடையே எத்துணை வேற்றுமை உண்டென்பதைத் தமிழர்க்கு விளக்கவேண்டுவதில்லை. இதனை அறியாதான் நேர்ந்த பிழையைச் செய்த குற்றமாக ஒப்புக்கொண்டு நிற்பான்.

ஆகவே, ‘சே’ என்பதற்கு ஒரு பொருளை மனப்பாடம் செய்தல் பயன் தராது. ஒவ்வொரு வினையையும் அச்சொல்லோடும் அச்சொல்லின்றியும் இணையாகத் தொடரில் வைத்துக் கற்பதே முறையாகும். செயல் பிறிதொன்றன்மேற் செல்கின்றதா, செய்தவனிடமே தங்குகின்றதா, செய்வானின்றி நிகழ்கின்றதா என்னும் மூன்று வினாக்களை எழுப்பிப் பார்ப்பின் பெரும்பாலான இடங்கள் தெளிவாகும். எஞ்சியவற்றை வழக்கே கற்பிக்கும்.