பிரித்து மாட்டிய கியர்பாக்ஸ் ஏன் ஜெர்க் அடிக்கிறது?

பழைய ஆட்டோமேட்டிக் காரின் கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் பிளேட், சீல் எல்லாம் புதிதாகப் போட்டு மாட்டியாயிற்று. விருதுநகரிலிருந்து சிவகாசிக்குக் கிளம்பிய வண்டி ஆமத்தூர் தாண்டுவதற்குள் உரிமையாளரின் முகம் சுருங்குகிறது. கியர் மாறும்போதெல்லாம் ஒரு ஜெர்க். இவ்வளவு செலவழித்தும் முன்பைவிட மோசமாகிவிட்டதே என்ற எரிச்சலில், “கொஞ்சம் ஸாஃப்டா மாத்திக் குடுங்க அண்ணாச்சி” என்று மெக்கானிக்கிடம் கேட்பார். ஜெர்க்கைவிட ஆபத்தானது அந்தக் கோரிக்கைதான்.

காரணம் உரசலின் கணக்கு. அது சிவகாசிக்குப் புதிதல்ல. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலே உரசலை நம்பியதுதான். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ். உரசல் சூட்டில் தீப்பற்றும். கியர்பாக்ஸுக்கும் உரசல் வேண்டும், ஆனால் சூடு எல்லை தாண்டக் கூடாது. உள்ளே உராய்வுப் பூச்சுள்ள பிளேட்டும் இரும்புப் பிளேட்டும் மாறி மாறி அடுக்கியிருக்கும். ஆயில் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளி இந்த அடுக்கை நெருக்கும்போது கியர் விழுகிறது. அழுத்தம் கூடினால் பிளேட்டுகள் சட்டென்று பிடித்து வண்டி உதறும். குறைந்தால் வழுக்கிக்கொண்டே பிடிக்கும். பயணம் சுகமாக இருக்கும், பிளேட் கருகும்.

1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் ஜெனரல் மோட்டார்ஸ் ‘ஹைட்ரா-மேட்டிக்’ கியர்பாக்ஸைக் கொண்டுவந்த காலத்திலிருந்தே பொறியாளர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறார்கள். தவிர்க்க முடியாதபோது அவர்கள் ஜெர்க்கின் பக்கமே சாய்கிறார்கள். பெரும்பாலான எலெக்ட்ரானிக் கியர்பாக்ஸ்களில், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சோலினாய்டுக்கு மின்சாரம் நின்றால் அழுத்தம் உச்சத்துக்குப் போய்விடும். வண்டி உதறினாலும் சரி, பிளேட் பிழைக்கட்டும் என்ற ஏற்பாடு அது.

ஆயிலில் தொடங்குங்கள்

கியர்பாக்ஸை மறுபடி இறக்குவதற்கு முன் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் சூடானால் விரியும். ஆகவே சிவகாசி வரை ஓட்டி, நன்றாகச் சூடேறிய பிறகு சமதளத்தில் அளப்பதே சரி. பல கார்களில் எஞ்சின் ஓடும்போது அளக்க வேண்டும். ஹோண்டாவிலோ எஞ்சினை நிறுத்தி ஒன்றரை நிமிடத்துக்குள் அளக்க வேண்டும். இந்த முறை மாறினாலே அளவு தப்பும். அளவுக்கு மீறி ஊற்றினால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரையில் அழுத்தம் சீராக நிற்காது.

ஆயிலின் ரகமும் முக்கியம். 1960களில் வந்த ஃபோர்டின் ‘டைப் எஃப்’ ஆயிலில் உரசலை மென்மையாக்கும் சேர்மங்கள் கிடையாது. ஜெனரல் மோட்டார்ஸின் ‘டெக்ஸ்ரான்’ ஆயிலில் உண்டு. டெக்ஸ்ரான் கேட்கும் கியர்பாக்ஸில் டைப் எஃப் ஊற்றினால் பிளேட் சட்டென்று பிடிக்கும். பழைய ஹோண்டாக்களின் கையேடு, டெக்ஸ்ரானைத் தற்காலிகமாக மட்டும் ஊற்றலாம், தொடர்ந்தால் கியர் மாறும் விதம் கெடும் என்று எச்சரிக்கிறது.

வெளியே இருக்கும் காரணங்கள்

அடுத்து, கியர்பாக்ஸை இறக்கும்போது கழற்றிய எல்லாவற்றையும் பாருங்கள். பழைய கார்கள் பலவற்றில் ஆக்சிலரேட்டரிலிருந்து ஒரு கேபிள் கியர்பாக்ஸுக்குப் போகும். அது அதிகம் இறுகியிருந்தால் கியர் தாமதமாக, முரட்டுத்தனமாக விழும். இறுக்கம்தான் காரணம் என்றால் கையேட்டில் சொன்ன அளவுக்கு வையுங்கள்; அதற்கு மேல் தளர்த்தாதீர்கள். 1982 மாடலில் வந்த ஜெனரல் மோட்டார்ஸின் 700ஆர்4 கியர்பாக்ஸில், தளர்ந்த கேபிள் புதுப் பிளேட்டுகளைக் கொஞ்ச ஓட்டத்திலேயே கருக்கிவிடும். 1990களின் தொடக்கத்து பென்ஸ்களில் எஞ்சினின் பாரத்தைக் கியர்பாக்ஸுக்குச் சொல்லும் வேலையில் வேக்கத்துக்கும் (வெற்றிட இழுப்புக்கும்) பங்குண்டு. வேக்கத்தைக் கொண்டுவரும் ரப்பர் ஹோஸில் ஒரு வெடிப்பு போதும். கியர்பாக்ஸ் எஞ்சினில் பாரம் கூடியதாக எண்ணி அழுத்தத்தை ஏற்றிவிடும்.

நியூட்ரலிலிருந்து டிரைவுக்குப் போடும்போது மட்டும் ‘டொக்’ என்று விழுகிறதா? ஐட்லிங் அதிகமாக இருக்கலாம், எஞ்சின் மவுண்ட் கிழிந்திருக்கலாம்.

கேஜ் சொல்லும் சாட்சி

இத்தனைக்குப் பிறகும் உதறினால், கியர்பாக்ஸின் அழுத்தத் துளையில் கேஜ் மாட்டிப் பார்க்க வேண்டும். எல்லா கியரிலும் ஜெர்க் இருந்து அழுத்தமும் கூடுதலாக இருந்தால், கட்டுப்பாட்டில் கோளாறு: பிரஷர் வால்வு சிக்கியிருக்கலாம், சோலினாய்டு கெட்டிருக்கலாம். அழுத்தம் சரியாக இருந்து, ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது மட்டும் உதறினால், அந்த கியருக்கான அக்யுமுலேட்டரைச் சந்தேகியுங்கள். ஆயிலின் முதல் தாக்குதலைத் தாங்கி மெதுவாக்கும் சிறு பிஸ்டனும் ஸ்பிரிங்கும் அது. அதன் சீல் மடங்கியிருந்தாலோ, வால்வ் பாடியில் இருக்கும் சிறு குண்டுகளில் ஒன்று இடம் மாறி உட்கார்ந்திருந்தாலோ ஜெர்க் வரும். பிரித்து மாட்டுகையில் எளிதாக நேரும் பிழைகள் இவை.

எலெக்ட்ரானிக் கியர்பாக்ஸில் இன்னொன்றும் உண்டு. தேய்ந்த பழைய பிளேட்டுக்கு ஏற்ப அழுத்தத்தைக் கூட்டிப் பழகிய கம்ப்யூட்டர், புதுப் பிளேட்டுக்கும் அதே அழுத்தத்தைக் கொடுக்கும். ஸ்கேனரில் அந்தப் பதிவை அழித்து, நிறுவனம் சொன்ன முறையில் ஓட்டிப் பழக்க வேண்டும்.

ஆகவே மெக்கானிக்கிடம் “ஸாஃப்டாக்குங்க” என்று சொல்லாமல், “பிரஷர் எவ்வளவு காட்டுது?” என்று கேளுங்கள். மிதமான ஜெர்க்கோடு ஒர்க்‌ஷாப் வரை ஓட்டிப் போகலாம். எஞ்சின் சத்தம் ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் வண்டியை ஓரம் கட்டி, லாரியில் ஏற்றிப் போக ஏற்பாடு செய்யுங்கள்.