தராசுக்குள்ளே கழிவு வேண்டாம்

கணினிக்குள்ளே – தொடர் 17

ஹட்டனிலிருந்து பதுளைப் பக்கம் போகும் ரயிலில் மடியில் லெப்டொப்பை வைத்து வேலை செய்தவர்களுக்குத் தெரியும், வளைவுக்கு வளைவு அது என்ன ஆட்டம் ஆடும் என்று. சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்த காலத்தில் கீழே விழுந்தால் போச்சு. மேசையிலிருந்து நழுவிய கணினி தரையைத் தொட 0.4 வினாடிதான் ஆகும். அதற்குள் டிஸ்க்கின் ஹெட்டைப் பத்திரமாக ஒதுக்கிவிட, 2003இல் ஐபிஎம் தன் திங்க்பேட்களில் அசைவு சென்சரை வைத்தது.

சென்சர் அளந்ததை மற்ற மென்பொருள்களுக்கு எடுத்துச் சொல்வது டிரைவர். எதை, எப்படிச் சொல்ல வேண்டும் என்பதுதான் இந்த வாரச் சங்கதி.

2005இல் லினக்ஸ் 2.6.14 உடன் ராபர்ட் லவ் உள்ளிட்டோர் எழுதிய எச்டிஏபிஎஸ் டிரைவர் வந்தது. ஐபிஎம் ஆய்வாளர் மார்க் ஸ்மித்தின் குறிப்பையும், திரும்பத் திரும்பச் சோதித்துக் கண்டதையும் வைத்தே அதை எழுதினார்கள். அது தந்தவை இரண்டு எண்கள், அலகு கிடையாது. சில மொடல்களில் திசையே தலைகீழ். அதே டிரைவர் லெப்டொப்பை ஒரு ஜோய்ஸ்டிக்காகவும் காட்டியது. அந்த வழியில் ஓய்வு நிலையின் அளவு கழிக்கப்பட்டது, சின்ன அதிர்வுகள் இரைச்சலென்று விடப்பட்டன.

இதை நம் கொழுந்து மடுவத்தோடு வைத்துப் பார்க்கிறேன். படங்குக்கும் ஈரத்துக்கும் என்று கிலோவைக் கழிப்பது தோட்டங்களில் தீராத வழக்கு. கழிவு தராசுக்கு வெளியே நடப்பதால்தான் கொழுந்து எடுத்தவர் அதைப் பார்த்துக் கேள்வி கேட்க முடிகிறது. தராசே உள்ளுக்குள் கழித்துவிட்டு முள்ளைக் காட்டினால் யாரிடம் போய்க் கேட்பது?

2008இல் எலிசபெத் கொக்ரன், ஜெஸ்ஸி லோரன்ஸ் என்ற நிலநடுக்க ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ‘குவேக் கெச்சர்’ வலையமைப்பைத் தொடங்கினார்கள். டிஸ்க்கைக் காக்க வைத்த அதே சென்சர்களால், தொண்டர்களின் லெப்டொப்கள் நிலநடுக்கத்தைப் பதிவு செய்தன. டிரைவரை எழுதியவர் இரைச்சல் என்று ஒதுக்கும் அதிர்வுதான் இவர்களுக்கு வேண்டிய சேதி. 2020 ஆகஸ்ட் இறுதியில் விக்டோரியா நீர்த்தேக்கத்தைச் சுற்றிய ஊர்களில் நிலம் அதிர்ந்ததை அனுபவித்த மலையகத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆகவே, அளந்ததை அப்படியே தரட்டும். அலகையும் திசையையும் நேரத்தையும் கூடவே சொல்லட்டும். லினக்ஸில் ஜொனதன் கெமரன் தொடங்கி, 2009இல் கேர்னலுக்குள் வந்த ஐஐஓ அமைப்பு இந்த வழிக்குத்தான் வந்து சேர்ந்தது. மூல எண் ஒரு கோப்பில், பெருக்க வேண்டிய அளவு இன்னொன்றில். பெருக்கினால் மீற்றர்/வினாடி² கணக்கில் விடை வரும். மேசையில் சும்மா இருக்கும் லெப்டொப்பும் ஏறத்தாழ 9.8 காட்டும், அது பூமியின் ஈர்ப்பு. சென்சரை எந்தப் பக்கம் திருப்பிப் பொருத்தியிருக்கிறார்கள் என்பதைச் சொல்லவும் தனியே ஓர் அட்டவணை உண்டு.

விழும் நொடிக்கு மட்டும் விலக்கு வேண்டும். அப்போது எண்களை வாசித்து யோசிக்க நேரமில்லை. எச்பி லெப்டொப்களுக்கான டிரைவர் அதற்கென்று ‘ஃப்ரீஃபோல்’ என்ற தனி வாசலைத் திறந்து வைத்தது சரியான முடிவு.

உண்மையான அளவு எல்லோர் கைக்கும் போகலாமா என்றால், கூடாது. மேசையில் வைத்த போனின் சென்சரே பக்கத்துக் கீபோர்டில் தட்டப்படும் சொற்களை ஊகிக்க உதவும் என்று 2011இல் ஜோர்ஜியா டெக் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதற்காக டிரைவர் அளவை மழுங்கடிக்கக் கூடாது. அனுமதி கேட்கும் காவலை அதற்கு மேலே வைக்க வேண்டும். 2019இல் வந்த ஐஓஎஸ் 13 முதல், ஓர் இணையப் பக்கம் போனின் அசைவை அறிய வேண்டுமானால் சஃபாரி முதலில் உங்களைக் கேட்கிறது.